அபர்ஜோனாப் பள்ளத்தாக்கின் கிணறுகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் நாடிச் செல்வர். ஒரு தொழிலின் வரலாற்றை அறிய விரும்புவோர், அத்தொழிலின் கழிவு எங்கே சென்றது என்று கேட்டாலே போதும். அந்த ஒரு கேள்வி அவர்களை நெடுந்தொலைவு அழைத்துச் செல்லும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகருக்கு வடக்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில் வூபர்ன் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரின் கிழக்குப் பகுதியில் ஒரு சதுப்பு நிலம். அச்சதுப்பின் நடுவே அபர்ஜோனா என்னும் சிற்றாறு. ஆற்றின் அருகே 1964ஆம் ஆண்டில் ஒன்றும் 1967ஆம் ஆண்டில் ஒன்றுமாகத் தோண்டப்பட்ட இரண்டு குடிநீர்க் கிணறுகள். அவற்றின் வரலாற்றையே இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வூபர்ன் நம் பாடநூல்களோடு தொடர்பில்லாத ஊர் அன்று. வெப்பம் என்பது தனிப்பொருள் அன்று, இயக்கத்தின் விளைவே என்று பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது கண்டு கூறிய ரம்ஃபோர்டு பிரபு, பெஞ்சமின் தாம்சன் என்ற பெயருடன் 1753ஆம் ஆண்டில் பிறந்தது இவ்வூரில்தான். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிபெறச் செய்யும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்ததும் இங்கேதான். ஆயினும் இவ்வூருக்குச் சோறு போட்டது அறிவியல் அன்று, தோல் தொழில்.

தோல் பதனிடுவோர்க்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதவை: பச்சைத் தோல், துவர்ப்பு மிக்க மரப்பட்டை, ஓயாது ஓடும் நீர். நம் நாட்டில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஹெம்லாக், ஓக் முதலிய மரங்களின் பட்டைகள் செய்தன. நீரை அபர்ஜோனாவும் அதன் கிளை ஓடைகளும் கொடுத்தன. 1884ஆம் ஆண்டளவில் இருபத்தாறு பெரிய தோல் சாலைகள் அவ்வூரில் இயங்கின. இன்றும் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் குழுவினர் 'தோல் பதனிடுவோர்' என்ற பெயரையே பெருமையுடன் தாங்கி ஆடுகின்றனர். பதனிடும் தொழிலில் மரப்பட்டையின் இடத்தைப் பிற்காலத்தில் குரோமிய உப்புகள் பிடித்துக்கொண்டன. வேலை விரைவாயிற்று, கழிவு நஞ்சாயிற்று.

தோலையும் துணியையும் காகிதத்தையும் செய்யும் தொழிற்சாலைகளுக்கு அமிலங்கள் தேவைப்பட்டன. அவற்றைச் செய்து கொடுக்க 1853ஆம் ஆண்டில் வூபர்னின் வடபகுதியில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை தோன்றியது. கந்தக அமிலமும், பயிர்ப் பூச்சிகளைக் கொல்ல ஈயமும் ஆர்செனிக்கும் கலந்த மருந்தும் அங்கே உருவாயின. 1931ஆம் ஆண்டு வரை அத்தொழில் நடைபெற்றது. பிறகு 1934 முதல் 1969 வரை அதே நிலத்தில் தோல் கழிவுகளைக் காய்ச்சிப் பசை எடுத்தனர். எஞ்சிய தோல் துணுக்குகள் மேடு மேடாகக் குவிக்கப்பட்டன. 1970களில் அந்நிலத்தைப் புதிய கட்டடங்களுக்காகத் தோண்டியபோது எழுந்த அழுகல் நாற்றம் சுற்றுப்புறத்தையே திகைக்க வைத்தது.

இவற்றின் கழிவெல்லாம் எங்கே சென்றன? ஆறு தாழ்ந்த இடத்தை நாடிச் செல்வது. கழிவு ஆற்றை நாடிச் செல்வது. அபர்ஜோனா தெற்கே ஓடி மேல் மிஸ்டிக் ஏரியில் கலக்கிறது. 1864ஆம் ஆண்டில் சார்ல்ஸ்டவுன் என்னும் நகரம் அந்த ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கத் தொடங்கிற்று. மேலே உள்ள தோல் சாலைகளின் கழிவு ஏரியை வந்தடைந்தது. முறையீடுகளும் ஆய்வுகளும் கழிவு வாய்க்கால்களும் தொடர்ந்தன. எனினும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஏரியின் நீர் குடிநீராகப் பயன்படுவது நின்றுபோயிற்று. அஃதாவது, இந்தப் பள்ளத்தாக்கு தன் பாடத்தை ஒருமுறை கற்பித்துவிட்டது. அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் மறந்தனர் என்பதே பின்னர் நிகழ்ந்த துன்பத்தின் தொடக்கம்.

மனிதர் மறந்தாலும் ஏரி மறக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஏரியின் அடியில் ஆண்டுதோறும் மெல்லிய சேற்றுப் படிவு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. 1990களில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் நீண்ட குழாய்களைச் செலுத்தி அப்படிவுகளை எடுத்து ஆராய்ந்தனர். எந்தக் காலத்தில் எவ்வளவு ஆர்செனிக், எவ்வளவு ஈயம், எவ்வளவு குரோமியம் வந்து சேர்ந்தது என்பதை அப்படிவுகளிலேயே அவர்கள் படித்தறிந்தனர். கல்வெட்டைப் போலவே சேற்றையும் படிக்கலாம். படிக்கும் முறை தெரிந்தால் போதும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் மக்கள் தொகை பெருகியது. வூபர்னிலும் வீடுகள் பெருகின; நீர் போதவில்லை. அபர்ஜோனாச் சதுப்பின் அடியில் நீர் நிறைந்திருப்பது அனைவரும் அறிந்த செய்தி. பனியுகத்தின் முடிவில், உருகிய பனிப்பாறைகளின் நீர் கொண்டுவந்த மணலும் சரளையும் அப்பழைய பள்ளத்தாக்கை நிரப்பியிருந்தன. அம்மணற்படுகை ஒரு கடற்பஞ்சு போல நீரைத் தாங்கி நிற்கிறது. அதன்மேல் மக்கிய தாவரங்களால் ஆன கரிய சதுப்பு மண் போர்த்தியிருக்கிறது. இவ்வளவு நீர் காலடியில் இருக்கும்போது வேறெங்கும் தேடுவானேன் என்று நகராட்சியார் எண்ணினர். ஆனால் 1958ஆம் ஆண்டில் நகரின் நீர்வளத்தை ஆராய்ந்த பொறியியல் ஆலோசகர்கள், அபர்ஜோனாப் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர் பொதுவாகக் குடிநீருக்கு உதவாத அளவுக்கு மாசுபட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தனர். எழுதியது ஏட்டில் இருந்தது. கிணறு நிலத்தில் எழுந்தது. 'ஜி' என்றும் 'ஹெச்' என்றும் பெயரிடப்பட்ட அவ்விரு கிணறுகளும் நகரின் குடிநீரில் கால் பங்குக்கு மேல் அளித்து வந்தன. அவற்றின் நீர் பெரும்பாலும் ஊரின் கிழக்குப் பகுதி வீடுகளுக்கே சென்றது.

கிழக்கு வூபர்ன் மக்கள் அந்நீரை விரும்பவில்லை. சுவை கெட்டது, நாற்றம் அடிக்கிறது, குழாய்கள் அரிக்கின்றன என்று ஆண்டுதோறும் முறையிட்டனர். அதிகாரிகளோ நீரைச் சோதித்தோம், குற்றமில்லை என்றனர். அவர்கள் சொன்னது பொய்யன்று. அக்காலத்துச் சோதனை முதன்மையாக நோய்க்கிருமிகளைத் தேடியது. காலராவும் நச்சுக்காய்ச்சலும் நீரால் பரவிய காலத்தில் உருவான சோதனை அது. தொழிற்சாலைக் கரைப்பான்களைத் தேடும்படி எவரும் பணிக்கவில்லை. தேடாத பொருள் கிடைப்பதில்லை. கிடைக்காத பொருள் இல்லாத பொருளாகவே கணக்கில் ஏறிற்று.

உண்மை வெளிப்பட்டது ஏறக்குறையத் தற்செயலாகவே எனலாம். 1979ஆம் ஆண்டில், கிணறுகளுக்கு அருகே இருந்த ஒரு வெற்று நிலத்தில் 184 பீப்பாய்கள் எவராலோ கொட்டப்பட்டுக் கிடப்பதைக் காவல் துறையினர் கண்டனர். அவற்றில் பாலியூரித்தேன் செய்யும் தொழிலின் கழிவுகள் இருந்தன. பீப்பாய்கள் அகற்றப்பட்டன. முன்னெச்சரிக்கையாக, மாநில அதிகாரிகள் அருகிலிருந்த கிணறுகளின் நீரையும் சோதித்தனர். பீப்பாய்களில் இருந்த பொருள் நீரில் இல்லை. அதற்கு மாறாக, டிரைகுளோரோஎத்திலீன் என்னும் வேறொரு பொருள் இருந்தது. 'ஜி' கிணற்றில் நூறு கோடிப் பங்கு நீரில் 267 பங்கு அப்பொருள் காணப்பட்டது. பிற்காலத்தில் அமெரிக்கக் கூட்டரசு குடிநீரில் அதற்கு விதித்த உச்ச வரம்பு 5 பங்கே என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1979ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இரு கிணறுகளும் மூடப்பட்டன.

டிரைகுளோரோஎத்திலீன் நிறமற்ற நீர்மம். சற்றே இனிய மணம் உடையது. இயந்திர உறுப்புகளில் படிந்த எண்ணெய்ப் பசையை நீக்குவதற்கு அதைவிட எளிய பொருள் கிடைப்பது அரிது என்பதால் எண்ணற்ற பட்டறைகளில் அதைப் பயன்படுத்தினர். பயன்படுத்திய பிறகு எஞ்சியதைப் பின்புறத்து மண்ணில் ஊற்றினர். காற்றில் ஆவியாகிப் போய்விடும் என்று நம்பினர். ஒரு பகுதி அவ்வாறே போயிற்று. ஆனால் அது நீரைவிட எடை மிக்கது. மண்ணுக்குள் புகுந்த பகுதி நீர்மட்டத்தையும் கடந்து கீழே இறங்கி, சரளைக்கும் பாறைக்கும் இடையே தங்கிவிட்டது. அங்கிருந்து சிறிது சிறிதாகக் கரைந்து, நகரும் நீரோடு தானும் நகர்ந்தது. ஒரு நாள் ஊற்றிய கழிவு பல பத்தாண்டுகள் கரைந்து வருவதற்கு இதுவே காரணம்.

அரசின் ஆய்வில் கிணறுகளைச் சுற்றி ஐந்து இடங்கள் மாசின் தோற்றுவாய்களாகக் கண்டறியப்பட்டன. உணவுப் பொருள்களைப் பொதியும் இயந்திரங்கள் செய்த டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை, சீருடைகளை வெளுத்துத் தரும் நிறுவனம் ஒன்றின் இடம், ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை, தோல் சாலை ஒன்றுக்கு உரிமையாக இருந்த பதினைந்து ஏக்கர் வெற்று நிலம், இன்னொரு தனியார் நிலம் ஆகியவை அவை. வடக்கேயிருந்த பழைய இரசாயனத் தொழிற்சாலையின் ஆர்செனிக்கோ ஆற்றின் வழியே வந்து சதுப்பின் சேற்றில் படிந்திருந்தது.

இதற்கிடையே, கிணறுகள் மூடப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, அப்பகுதியில் ஒரு தாய் வேறொரு கணக்கை மனத்துள் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகனுக்கு லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோய் கண்டிருந்தது. மருத்துவமனைக்குச் சென்றபோதெல்லாம் தம் தெருவையும் அடுத்த தெருக்களையும் சேர்ந்த பெற்றோரை அங்கே சந்தித்தார். குழந்தைகளுக்கு மிக அரிதாக வரும் நோய் ஓரிடத்தில் இவ்வளவு பேருக்கு வருமா? அனைவருக்கும் பொதுவானவை காற்றும் நீரும் அல்லவா? இவ்வாறு அவர் கேட்டதைப் பலர் துயருற்ற தாயின் மனமயக்கம் என்று கருதினர். அவரும் அவ்வூர்த் திருச்சபைக் குரு ஒருவரும் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தபோது, குறிகள் ஓரிடத்தில் குவிந்தன. நாட்டு நோய்த்தடுப்பு மையமும் மாநிலச் சுகாதாரத் துறையும் ஆராய்ந்து 1981ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டன. 1969 முதல் 1979 வரை வூபர்னில் பன்னிரண்டு குழந்தைகளுக்கு அந்நோய் கண்டிருந்தது. அவ்வளவு மக்கள் தொகையில் எதிர்பார்க்கத்தக்கது 5.3. பன்னிருவரில் அறுவர் ஒருவருக்கொருவர் அருகே வாழ்ந்தவர்கள். நோய் மிகுந்திருப்பது உண்மை. காரணம் நீர்தான் என்று கூறச் சான்று போதாது என்று அவ்வறிக்கை முடிந்தது.

பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர்கள் இதில் ஈடுபட்டனர். ஊர் மக்களே தொண்டர்களாகித் தொலைபேசி வழியே மூவாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் செய்தி திரட்டினர். எந்த வீட்டிற்கு எந்த ஆண்டில் எவ்வளவு கிணற்று நீர் சென்றது என்பதோடு அச்செய்திகளை ஒப்பிட்டனர். அந்நீருக்கும் குழந்தைகளின் லுக்கீமியாவுக்கும் தொடர்பு தெரிகிறது என்று 1984ஆம் ஆண்டில் அறிவித்தனர். கேள்வி கேட்டவர்கள் அவ்வூராரே ஆதலால் கணக்கில் சாய்வு இருக்கலாம் என்று வேறு அறிஞர் மறுத்தனர். இரு சாராரும் நேர்மையுடன் வாதிட்டனர் என்றே கொள்ள வேண்டும். சிறிய எண்ணிக்கையைக் கொண்டு பெரிய முடிவு கூறுவது புள்ளியியலில் எப்போதும் இடர் மிகுந்த செயல்.

1982ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்டுக் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். கிரேஸ் நிறுவனமும், தோல் சாலையை விலைக்கு வாங்கியிருந்த பியாட்ரிஸ் உணவு நிறுவனமும் முதன்மைப் பிரதிவாதிகள். பாஸ்டனிலுள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் 1986ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விசாரணை தொடங்கி எழுபத்தெட்டு நாள் நடைபெற்றது. நீதிபதி வால்டர் ஸ்கின்னர் வழக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். கழிவு நிலத்திலிருந்து கிணற்றை அடைந்ததா என்பது முதற்பகுதி. அந்நீரால் நோய் வந்ததா என்பது அடுத்த பகுதி. ஆகவே பிள்ளைகளை இழந்த பெற்றோர் தம் துயரைக் கூற இடமின்றி, மண்ணின் நுண்துளைகளைப் பற்றியும் நீரின் வேகத்தைப் பற்றியும் வல்லுநர்கள் வாதிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஒவ்வொரு வேதிப்பொருளும் எந்த ஆண்டு, எந்த மாதம் கிணற்றை அடைந்தது என்று கூறுமாறு ஆறு நடுவர்கள் கேட்கப்பட்டனர். நிலத்தடி நீரை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தோரும் தயங்கும் வினா அது.

இவ்வழக்கில் வெளிப்பட்ட ஓர் அறிவியல் உண்மையை மாணவர்கள் தனியே கருதவேண்டும். வழக்குக்குச் சற்று முன், 1985 டிசம்பரிலும் 1986 சனவரியிலும், அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் மூடிய கிணறுகளை மீண்டும் இயக்கி முப்பது நாள் நீர் இறைத்துப் பார்த்தனர். கிணறுகள் தம் ஆற்றலால் சுற்றியுள்ள நிலத்தடி நீரின் போக்கையே மாற்றித் தம்பால் இழுத்தன. அதுமட்டுமன்று, சதுப்பு மண்ணை ஊடுருவி ஆற்று நீரையும் இழுத்தன. சதுப்பின் கரிய மண் ஆற்றையும் கிணற்றையும் பிரிக்கும் சுவர் என்று சிலர் கூறியிருந்தனர். அது சுவர் அன்று, வடிகட்டித் துணி போன்றது என்று தெரிந்தது. சதுப்பு நிலத்தில் மேலே இருப்பது கீழே வராது என்று எவரும் உறுதி கூற இயலாது.

1986ஆம் ஆண்டு சூலை 28ஆம் நாள் நடுவர்கள் தம் முடிவைக் கூறினர். பியாட்ரிஸ் பொறுப்பன்று, கிரேஸ் பொறுப்பு. ஆயினும் அவர்களுடைய விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்ற வாதம் எழுந்து, மறுவிசாரணை என்ற நிலை வந்தது. கிரேஸ் நிறுவனம் 80 இலட்சம் டாலர் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. ஆதலால் வழக்கின் அடுத்த பகுதி விசாரிக்கப்படவேயில்லை. அந்நீர்தான் அப்பிள்ளைகளின் உயிரைப் பறித்ததா என்னும் வினாவுக்கு நீதிமன்றம் விடை கூறவில்லை. 1988ஆம் ஆண்டில் அதே நிறுவனம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குப் பொய்யான செய்தி கொடுத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் தண்டம் செலுத்திற்று. இவ்வரலாற்றை ஜோனதன் ஹார் 1995ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். 1998ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது.

நீதிமன்றத்திற்கு வெளியே வேறொரு வழி திறந்திருந்தது. 1980ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசு, நச்சுக் கழிவு கிடக்கும் இடங்களைத் தூய்மைப்படுத்தும் செலவை அதற்குக் காரணமானவர்களிடமே பெறுவதற்குச் சட்டம் செய்திருந்தது. வூபர்னின் கிணற்றுப் பகுதியும் பழைய இரசாயனத் தொழிற்சாலைப் பகுதியும் 1983ஆம் ஆண்டில் அச்சட்டத்தின் பட்டியலில் ஏறின. 1991ஆம் ஆண்டில் நிலத்துக்குரிய நிறுவனங்கள் ஏறத்தாழ 7 கோடி டாலர் மதிப்புள்ள துப்புரவுப் பணிக்கு உடன்பட்டன. நடுவர்களால் விடுவிக்கப்பட்ட பியாட்ரிஸும் அவற்றுள் ஒன்று. நிலத்தடி நீரை இறைத்துத் தூய்மை செய்யும் பணி 1992ஆம் ஆண்டில் தொடங்கியது. ஊற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதுமாயிருந்த நீர்மத்தை எடுப்பதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டியிருக்கின்றன. மூடிய கிணறுகள் குடிநீருக்காக மீண்டும் திறக்கப்படவில்லை.

அறிவியலும் தன் வேலையை நிறுத்தவில்லை. மாநிலச் சுகாதாரத் துறை மீண்டும் நெடுங்கால ஆய்வு நடத்தி, தாய் கருவுற்றிருந்த காலத்தில் அக்கிணற்று நீரைப் பருகியதற்கும் குழந்தையின் லுக்கீமியாவுக்கும் தொடர்பு தெரிகிறது என்று 1990களின் பிற்பகுதியில் கூறியது. எண்ணிக்கை சிறிது என்ற எச்சரிக்கையையும் அதனோடு சேர்த்தே கூறியது. 2012ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திற்று. அதற்கு அடிப்படையாக அமைந்தது சிறுநீரகப் புற்றுநோய் பற்றிய சான்று. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்பொருளின் பயன்கள் அனைத்தையும் தடை செய்யும் விதியை வெளியிட்டது. கிணறுகள் மூடப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? குற்றவாளி ஒருவரைச் சுட்டிக்காட்டி மனநிறைவு அடைவது எளிது. ஆனால் இங்கே ஊற்றியவர் ஒருவர் அல்லர். ஒரு தலைமுறையினரும் அல்லர். சதுப்பு நிலம் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று கருதி எல்லோரும் அங்கே கொட்டினர். சதுப்பு நிலத்தில் நீர் மலிவாகக் கிடைக்கும் என்று கருதி நகராட்சியார் அங்கேயே கிணறு தோண்டினர். இரண்டு எண்ணங்களும் தனித்தனியே இருந்தவரை கேடு வெளியே தெரியவில்லை. அவை இரண்டும் ஒரே நிலத்தில் சந்தித்தபோது குழந்தைகள் நடுவே நின்றனர்.

ஐயத்தின் பயன் யாருக்குச் சேரவேண்டும் என்பதே இதில் நிலைத்து நிற்கும் வினா. குற்றம் சாட்டப்பட்ட மனிதனுக்கு ஐயத்தின் பயனை அளிப்பது நீதியின் மரபு. அது நல்ல மரபு. ஆனால் நஞ்சு என்று ஐயுறப்படும் ஒரு நீர்மத்துக்கும் அதே சலுகையை அளிக்கலாமா? 1958ஆம் ஆண்டு ஆலோசகர்களின் எச்சரிக்கையும், பின்னர் வந்த மக்களின் முறையீடுகளும், மருத்துவமனையில் ஒரு தாய் போட்ட கணக்கும் முழுச் சான்று அல்லதான். ஆயினும் கிணற்றை மூடி வைத்துவிட்டு ஆராய்வதற்கு அவை போதும். முழுச் சான்று கிடைக்கும்வரை பருகிக்கொண்டே இருங்கள் என்று சொன்னதுதான் வூபர்னில் நிகழ்ந்த பிழை.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் பொறியாளராவீர்கள். சிலர் மருத்துவராகவும் நகராட்சி உறுப்பினராகவும் தொழிற்சாலை மேலாளராகவும் ஆவீர்கள். ஊருக்குப் புறத்தே தாழ்ந்து கிடக்கும் ஒரு நீர்நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்னும் கேள்வி என்றேனும் உங்கள் மேசைக்கு வரும். அப்போது அந்நிலத்தின் பழைய அறிக்கைகளை எடுத்துப் படியுங்கள். அங்கே முன்னர் யார் என்ன செய்தனர் என்று முதியோரைக் கேளுங்கள். நீர் நாறுகிறது என்று முறையிடும் எளியவரின் சொல்லைத் தள்ளிவிடாதீர்கள். அபர்ஜோனாக் கரையில் இம்மூன்றையும் செய்யாமல் விட்டதற்குக் கொடுத்த விலை பெரிது.